2022இல் இலங்கை: எது எப்போது நடந்தது, ஏன் நடந்தது

கேள்வி இதுதான்: "2022ஆம் ஆண்டு இலங்கையில் நடந்த முக்கியமான விடயங்களைத் திகதியோடு சொல்ல முடியுமா? நாடு வங்குரோத்து ஆனது எந்த நாளில்? ஜனாதிபதி மாளிகைக்குள் மக்கள் புகுந்த பிறகுதான் வரிசைகள் தீர்ந்தனவா?"

கடைசிக் கேள்விக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லை. மாளிகைக்குள் மக்கள் புகுந்தது ஜூலை 9. பெற்றோல் வரிசை குறையத் தொடங்கியது ஜூலைக் கடைசியில், அடங்கியது ஆகஸ்டில். அதை அடக்கியவை மூன்று: ஏறிய விலை, கியூஆர் குறியீடு வழியான எரிபொருள் பங்கீடு, இறக்குமதியையே சுருக்கியது. அரசியல் திகதிகளை மட்டும் அடுக்கினால் இந்த ஆண்டு புரியாது. எந்த நாளில் எவ்வளவு டொலர் கட்ட வேண்டியிருந்தது, கையில் எவ்வளவு இருந்தது என்ற கணக்கை அருகில் வைத்தால்தான் ஏப்ரலும் ஜூலையும் விளங்கும்.

ஆண்டு பிறக்கும்போது வெளிநாட்டு ஒதுக்கு, அதாவது மத்திய வங்கியின் டொலர் கையிருப்பு, சுமார் 3.1 பில்லியன் டொலர் என்று காட்டப்பட்டது. அதில் ஏறக்குறைய பாதி சீனாவின் 10 பில்லியன் யுவான் பரிமாற்ற ஏற்பாடு. மூன்று மாத இறக்குமதிக்குப் போதுமான ஒதுக்கு இருந்தால்தான் அதைத் தொடலாம் என்பது நிபந்தனை. கணக்கில் இருக்கும், கைக்கு வராது. இந்த நிலையில்தான் ஜனவரி 18ஆம் திகதி முதிர்ந்த 500 மில்லியன் டொலர் பிணைமுறியை (அரசு வெளிச்சந்தையில் விற்ற கடன் பத்திரம்) மத்திய வங்கி முழுமையாகக் கட்டியது. "இப்போதே கடன் மறுசீரமைப்புக்குப் போங்கள், அந்தக் காசில் மருந்தும் எரிபொருளும் வாங்குங்கள்" என்று பல பொருளியலாளர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆண்டின் முதல் பெரிய பிழை அந்தக் கொடுப்பனவு என்பதே என் கணிப்பு. மாதக் கடைசியில் ஒதுக்கு 2.4 பில்லியனுக்கு அருகே இறங்கியது.

அதற்கு முந்தைய இரண்டு முடிவுகளையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். 2019 இறுதியில் பெறுமதி சேர் வரியை 15இலிருந்து 8 சதவீதமாகக் குறைத்ததில் அரசின் வருமானம் சரிந்தது, கடன் தரப்படுத்தல் இறங்கியது, வெளிச்சந்தையில் கடன் வாங்கும் வழி அடைபட்டது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்து நவம்பரில் விலக்கினார்கள். ஆனால் பெரும்போக விதைப்பு நவம்பருக்கு முன்பே தொடங்கிவிடும், ஆகவே 2022 பெப்ரவரி, மார்ச்சில் அறுத்த நெல் குறைந்தது. டொலர் இல்லாத நேரத்தில் அரிசியும் வாங்க வேண்டிவந்தது.

பெப்ரவரி, மார்ச்சில் மின்வெட்டு நீண்டதற்குக் காரணம் எரிபொருள் மட்டும் அல்ல. அது மலைநாட்டு நீர்த்தேக்கங்கள் வற்றும் காலம். தென்மேற்குப் பருவமழை மே மாதக் கடைசியில்தான் வரும். நீர்மின் குறையும்போது டீசல், உலை எண்ணெய் நிலையங்கள் கைகொடுக்க வேண்டும். அவற்றுக்கு எண்ணெய் இல்லை. நுரைச்சோலையின் 900 மெகாவாட் நிலக்கரி நிலையம் மட்டும் ஊரைத் தாங்க முடியாது. பிரதேசங்களை ஆங்கில எழுத்துகளால் பிரித்து "உங்கள் குழு எது" என்று பார்க்கும் பழக்கம் அப்போதுதான் எல்லா வீட்டிலும் வந்தது. மார்ச் 31ஆம் திகதி வெட்டு 13 மணித்தியாலம்.

எண்ணெய் ஏன் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கப்பல் வந்திருந்தது. கொழும்புக்கு வெளியே நங்கூரமிட்டு நின்றது. வியாபாரிகள் எல்சி என்று சொல்லும் நாணயக் கடிதத்தை இலங்கை வங்கிகள் திறந்தாலும், வெளிநாட்டு வங்கிகள் அதை உறுதிப்படுத்த மறுத்தன. ஆகவே விற்பவர் முன்பணம் கேட்டார். பணம் கணக்கில் விழும்வரை இறக்க மாட்டார். கப்பல் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் தாமதக் கட்டணம் வேறு ஏறும், அதுவும் டொலரில். ஒரு கப்பலுக்குக் காசு சேர்ப்பதற்குள் அடுத்த கப்பல் வந்துவிடும். மசகு எண்ணெய் வராதபோது சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையத்தை மூடினார்கள். அது மூடினால் மண்ணெண்ணெயும் உலை எண்ணெயும் சேர்ந்து நிற்கும். வடக்கில் வெளியிணைப்பு இயந்திரப் படகில் போகும் மீனவருக்கு மண்ணெண்ணெய்தான் உயிர். கரையில் படகு கவிழ்ந்து கிடந்ததற்குக் காரணம் சப்புகஸ்கந்தவில் இருந்தது.

மார்ச் 7, இன்னொரு திருப்பம். 200 முதல் 203 ரூபாவில் கட்டி வைத்திருந்த டொலரை மத்திய வங்கி அவிழ்த்தது. "230ஐத் தாண்டாது" என்ற எதிர்பார்ப்போடுதான் அறிவித்தது. சில நாளில் 260 ஆயிற்று, மாத இறுதியில் 300ஐத் தொட்டது. ரூபாவை மிதக்கவிடுவது பிழையல்ல, விட்ட விதம் பிழை. மிதக்கவிடும் முன் வட்டியைப் போதிய அளவு உயர்த்தியிருக்க வேண்டும், பின்னால் நிற்க ஒரு டொலர்க் கையிருப்போ சர்வதேச நாணய நிதிய உடன்பாடோ இருந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லை. ஏற்றுமதியாளர் டொலரை வெளியே வைத்துக்கொண்டார், வெளிநாட்டில் உழைப்பவர் வங்கிக்கு வெளியே உண்டியல் முறையில் அனுப்பினார், வங்கிக்கு வரவேண்டியது வரவில்லை.

மார்ச் நடுப்பகுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 177இலிருந்து 254 ரூபா, டீசல் 121இலிருந்து 176. வரிசையில் நின்ற முதியவர்கள் இருவர் இறந்த செய்தி வந்தது, மார்ச் 22இல் நிரப்பு நிலையங்களுக்கு இராணுவத்தினரை அனுப்பினார்கள். கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சை தள்ளிப்போனது. அதே 22ஆம் திகதி மன்னார், யாழ்ப்பாணப் பக்கமிருந்து 16 பேர் படகில் தனுஷ்கோடிக் கரை சேர்ந்தார்கள். போருக்குப் பிறகு பசிக்காகக் கடல் தாண்டிய முதல் கூட்டம் அது.

இந்தக் கட்டத்தில் நாட்டை நகர்த்தியது பெரும்பாலும் இந்தியக் கடன்தான்: ஜனவரியில் 400 மில்லியன் டொலர் நாணயப் பரிமாற்றம், பெப்ரவரி 2இல் எரிபொருளுக்கு 500 மில்லியன், மார்ச் 17இல் உணவு, மருந்து முதலியவற்றுக்கு 1 பில்லியன். தமிழ்நாடு சட்டசபை ஏப்ரல் 29இல் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பிய முதல் தொகுதி, 9,000 தொன் அரிசி, 200 தொன் பால்மா, 24 தொன் மருந்து, மே 22இல் கொழும்புக்கு வந்தது.

இனி அரசியல். மார்ச் 31 இரவு மிரிஹானையில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவின் சொந்த வீட்டுக்கு முன்னால் கூட்டம் கூடியது. கட்சிக் கொடி இல்லை, பேச்சாளர் இல்லை. 13 மணித்தியால இருட்டில் இருந்து எழுந்து வந்தவர்கள். கண்ணீர்ப்புகை, எரிந்த பஸ், கைதுகள். மறுநாள் அவசரகால நிலை, அடுத்த நாள் ஊரடங்கு, ஏப்ரல் 3இல் சமூக ஊடகத் தடை. அன்று இரவே பிரதமர் மகிந்த ராஜபக்ச தவிர்ந்த அமைச்சரவை விலகியது. 5ஆம் திகதி ஆளுந்தரப்பில் 40க்கும் மேற்பட்டோர் சுயாதீனமாக இருக்கப்போவதாகச் சொன்னதும் அவசரகால நிலையும் வாபஸ். 14 நாளுக்குள் பாராளுமன்றம் அதை அங்கீகரிக்க வேண்டும். வாக்கு இல்லை என்பது தெரிந்துவிட்டது.

ஏப்ரல் 4இல் மத்திய வங்கி ஆளுநர் அஜித் நிவாட் கப்ரால் விலகினார். 7ஆம் திகதி நந்தலால் வீரசிங்க பொறுப்பேற்றார். மறுநாளே கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் ஏற்றினார்: வைப்புக்கு 13.50, கடனுக்கு 14.50. 9ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் போராட்டக் கூடாரங்கள் எழுந்தன, "கோட்டா கோ கம" என்ற பெயரோடு. "கோட்டா போ" என்ற கோஷத்துக்குப் பின்னால் "கம" என்ற சிங்களச் சொல், அதாவது கிராமம். நூலகம், சமையற்கூடம், சட்ட உதவி எல்லாம் அங்கே இருந்தன.

வங்குரோத்துத் திகதியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். மூன்று நாள்களைப் பிரித்து வையுங்கள். ஏப்ரல் 12: வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை இடைநிறுத்துவதாக அரசின் அறிவிப்பு. இது எண்ணம் மட்டுமே. ஏப்ரல் 18: இரண்டு பிணைமுறிகளுக்கான 78 மில்லியன் டொலர் வட்டியைக் கட்டவில்லை. ஒப்பந்தப்படி 30 நாள் சலுகைக் காலம் உண்டு. மே 18: அந்தக் காலம் முடிந்தது. மறுநாள் கடன் தரப்படுத்தும் ஃபிட்ச் நிறுவனம் தரத்தை இறக்கியது. சட்டப்படி கடன் தவறியது மே 18இல்தான், சுதந்திரத்துக்குப் பிறகு முதல் தடவை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: எல்லாக் கடனையும் நிறுத்தவில்லை. உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி போன்றவற்றுக்குக் கட்டிக்கொண்டே இருந்தார்கள். அங்கே நிறுத்தியிருந்தால் வரவிருந்த மருந்து, எரிவாயு உதவியும் நின்றிருக்கும். பயன்படுத்தக்கூடிய ஒதுக்கு 50 மில்லியன் டொலரும் இல்லை என்று நிதியமைச்சர் அலி சப்ரி மே 4இல் பாராளுமன்றத்திலேயே சொன்னார். ஒரு எண்ணெய்க் கப்பலுக்கே அதுபோல ஒரு தொகை தேவை.

ஏப்ரல் 19இல் பெற்றோல் 338 ஆனது. அன்றே ரம்புக்கனையில் ரயில் பாதையை மறித்தவர்கள் மீது பொலிஸார் சுட்டதில் ஒருவர் இறந்தார். மே 9 இன்னும் கொடிய நாள். பிரதமரின் அலரி மாளிகையில் கூடிய மகிந்த ஆதரவாளர்கள் அங்கிருந்து நடந்துபோய்க் காலிமுகத்திடல் கூடாரங்களை உடைத்தார்கள். மாலைக்குள் அலை திரும்பியது. நாடெங்கும் ஆளுங்கட்சியினரின் வீடுகள் எரிந்தன, நிட்டம்புவவில் பாராளுமன்ற உறுப்பினர் அமரகீர்த்தி அத்துகோரள கொல்லப்பட்டார். மகிந்த விலகினார். 12ஆம் திகதி ரணில் விக்கிரமசிங்க பிரதமரானார். அவருடைய கட்சிக்கு அந்தப் பாராளுமன்றத்தில் இருந்தது ஒரே ஒரு தேசியப்பட்டியல் ஆசனம், அதுவும் அவருடையது.

மே 24இல் பெற்றோல் 420, ஜூன் 26இல் 470. விலை ஏறியும் வரிசை நீண்டதே ஏன் என்று கேட்பார்கள். விலை ரூபாவில் ஏறுகிறது, கப்பலுக்கு வேண்டியது டொலர். ரூபா வசூலானாலும் அதை மாற்ற வங்கியில் டொலர் இல்லை. அடுத்தது பதுக்கல்: நாளைக்கு வராது என்று தெரிந்தால் அரைத் தாங்கி எண்ணெய் இருப்பவரும் வரிசைக்கு வருவார், நிரப்பி உறிஞ்சி எடுத்துக் கானில் ஊற்றிவிட்டு மறுபடி வருவார். ஜூன் 27இல் அரசாங்கம் கையை விரித்தது: மறுநாள் முதல் ஜூலை 10 வரை சுகாதாரம், துறைமுகம், உணவு விநியோகம் போன்ற அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள். அரச கூட்டுத்தாபனத்தின் தாங்கிகள் வெறுமை. இந்திய எண்ணெய் நிறுவனத்தின் கிளையான லங்கா ஐஓசி மட்டும் சில்லறைக்கு விற்றுக்கொண்டிருந்தது.

அப்படிப் போக்குவரத்தே நின்ற நாட்டில் ஜூலை 9இல் இலட்சக்கணக்கில் மக்கள் கொழும்புக்கு வந்ததுதான் வியப்பு. ரயிலை ஓட்டச் சொல்லி நிலையங்களில் நின்றார்கள், லொறியில் ஏறினார்கள், சைக்கிளிலும் நடந்தும் வந்தார்கள். பகலில் கொழும்பு கோட்டைப் பகுதியில் உள்ள ஜனாதிபதி மாளிகை கூட்டத்தின் கையில். இரவு ரணிலின் சொந்த வீடு எரிந்தது. 13ஆம் திகதி அதிகாலை கோட்டாபய விமானப்படை விமானத்தில் மாலைதீவுக்கும், மறுநாள் சிங்கப்பூருக்கும் போனார். அங்கிருந்து மின்னஞ்சலில் வந்த விலகல் கடிதத்தைச் சபாநாயகர் 15ஆம் திகதி ஏற்றுக்கொண்டதாக அறிவித்தார்.

அடுத்து நடந்ததை "ரணில் எப்படியோ வந்துவிட்டார்" என்று கடப்பது சரியல்ல. வழிமுறை அரசியலமைப்பிலேயே இருக்கிறது. 37ஆம் உறுப்புரைப்படி ஜனாதிபதி நாட்டில் இல்லாதபோது பிரதமர் பதில் கடமை செய்யலாம். பதவி வெறுமையானால் 40ஆம் உறுப்புரைப்படி ஒரு மாதத்துக்குள் பாராளுமன்றம் தன் உறுப்பினர்களுள் ஒருவரை மிச்சக் காலத்துக்குத் தெரிவு செய்ய வேண்டும். இரகசிய வாக்கு, விருப்பு வரிசை எண்ணோடு. 1993இல் டி.பி. விஜேதுங்க போட்டியின்றி வந்தார், போட்டி நடந்தது 2022இல்தான் முதல் முறை. ஜூலை 19இல் எதிர்க்கட்சித் தலைவர் சஜித் பிரேமதாச போட்டியிலிருந்து விலகி, ஆளுங்கட்சியிலிருந்து பிரிந்து நின்ற டலஸ் அழகப்பெருமவை ஆதரித்தார். 20ஆம் திகதி முடிவு: ரணில் 134, டலஸ் 82, அநுர குமார திசாநாயக்க 3, செல்லாதவை 4, வாக்களிக்காதவர் 2. கூட்டிப் பாருங்கள், 225 வரும். ராஜபக்ச கட்சியின் பெரும்பான்மைதான் அந்த 134. மக்கள் துரத்தியது ஒருவரை, பாராளுமன்றத்தின் எண்ணிக்கை மாறவே இல்லை. 22ஆம் திகதி அதிகாலை ஆயுதப் படைகள் காலிமுகத்திடலில் ஜனாதிபதி செயலகப் பக்கத்துக் கூடாரங்களைப் பிரித்தெறிந்தன.

இனி கியூஆர். ஆண்டில் உருப்படியாக வேலை செய்த ஒரே நிர்வாக ஏற்பாடு அது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மின்சக்தி, எரிசக்தி அமைச்சர் காஞ்சன விஜேசேகர ஜூலை 16இல் தேசிய எரிபொருள் அனுமதிப் பத்திரத்தை அறிவித்தார். இணையத்தில் தேசிய அடையாள அட்டை எண், வாகன எண், செசி எண், கைத்தொலைபேசி எண் கொடுக்க வேண்டும். தொலைபேசிக்கு ஓர் இரகசிய எண் வரும், அதைப் பதிந்தால் கியூஆர் படம் கிடைக்கும். படத்தைக் கடதாசியில் அச்சடித்துக் கொண்டுபோனாலும் போதும், நவீனத் தொலைபேசி தேவையில்லை. பம்பில் நிற்பவர் தன் தொலைபேசியில் அதை வருடினால் அந்த வாரத்தில் மிச்சம் எவ்வளவு என்று காட்டும், ஊற்றிய அளவைப் பதிந்தால் கழித்துக்கொள்ளும்.

தொடக்க வாரப் பங்கு: மோட்டார் சைக்கிள் 4 லீற்றர், முச்சக்கர வண்டி 5, கார் 20, வான் 20, பஸ் 40, லொறி 50, உழவு இயந்திரம் முதலியவை 15. அதோடு சில நாட்கள் வாகன எண்ணின் கடைசி இலக்க முறையும் இருந்தது: 0, 1, 2 என்றால் செவ்வாய், சனி, 3, 4, 5 என்றால் வியாழன், ஞாயிறு, 6 முதல் 9 வரை திங்கள், புதன், வெள்ளி. ஆகஸ்ட் 1 முதல் இலக்க முறையை நீக்கிக் கியூஆர் மட்டும் என்றார்கள்.

இடறிய இடங்களும் உண்டு. ஓர் அடையாள அட்டைக்கு ஒரு வாகனம் என்று தொடங்கியதால் பல வாகனம் வைத்த வியாபாரிகள் திண்டாடினார்கள், பிறகு வியாபாரப் பதிவு எண்ணில் பதிய இடம் கொடுத்தார்கள். வாகனம் அல்லாத மின்பிறப்பாக்கி, புல்வெட்டும் இயந்திரம் போன்றவற்றுக்குப் பிரதேச செயலகத்தில் தனியே பதிய வேண்டியிருந்தது. நாள் முழுக்க ஓடும் முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர் ஒரு நாளைக்கே காணாது, அது வாடகைக்கு ஓடுபவரை நேரே அடித்தது. ஆனாலும் வரிசை உடைந்தது. பங்கு எப்படியும் கிடைக்கும், இரண்டாம் முறை வந்தால் கிடைக்காது என்று தெரிந்ததும் பதுக்குவதில் பயனில்லாமல் போயிற்று. மொத்தத் தேவையும் பங்கின் அளவுக்குள் அடங்கியதால் எத்தனை கப்பல் வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட முடிந்தது. எரிவாயு வரிசை வேறு வழியில் தீர்ந்தது: உலக வங்கி நிதியைத் திருப்பி விட்டு வாங்கிய எரிவாயு ஜூலையில் வரத் தொடங்கியது. 12.5 கிலோ சிலிண்டர் ஏப்ரலில் 4,860 ரூபா, ஜூலையில் 4,910, ஆகஸ்டில்தான் முதல் தடவை இறங்கியது.

மண்ணெண்ணெய்க்கு அந்த நிம்மதி இல்லை. ஆகஸ்ட் 22இல் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340. மானியத்தை ஒரே இரவில் எடுத்தார்கள். மின்கட்டணமும் அம்மாதம் சராசரி 75 சதவீதம் கூடியது. பெறுமதி சேர் வரி ஜூனில் 12, செப்டெம்பரில் 15. ஒக்டோபரில் சமூகப் பாதுகாப்பு வரி 2.5 சதவீதம்.

செப்டெம்பர் 1இல் சர்வதேச நாணய நிதியத்துடன் 48 மாதத்துக்கு 2.9 பில்லியன் டொலர் என்ற அலுவலர் மட்ட உடன்பாடு. பணம் வந்தது என்று அர்த்தமில்லை. கடன் கொடுத்த சீனா, இந்தியா, பாரிஸ் கழகம் (கடன் கொடுக்கும் நாடுகளின் குழு) ஆகியவை உறுதி கொடுத்த பிறகே நிறைவேற்றுச் சபை ஒப்புதல், அது 2023 மார்ச் 20. கோட்டாபய செப்டெம்பர் 2 நள்ளிரவை ஒட்டி நாடு திரும்பினார். 11ஆம் திகதி டுபாயில் கிரிக்கெட்டில் பாகிஸ்தானை 23 ஓட்டங்களால் வென்று ஆசியக் கிண்ணம், அதே நாளில் சிங்கப்பூரில் வலைப்பந்தில் ஆசியச் சம்பியன் பட்டம். இத்தனைக்கும் நடுவில் நாடு சிரித்த ஒரு ஞாயிறு.

பணவீக்கத்தின் உச்சம் செப்டெம்பரில் 69.8 சதவீதம், உணவு மட்டும் 94.9. இந்த எண்ணைத் தவறாக வாசிப்பவர் அதிகம். இது முந்தைய ஆண்டு செப்டெம்பரோடு ஒப்பிட்டது. பெரிய பாய்ச்சல் மார்ச் முதல் ஜூலைக்குள் நடந்துவிட்டது. டிசம்பரில் 57.2 ஆகியபோது விலை இறங்கியதாக அர்த்தமில்லை, ஏறும் வேகம்தான் குறைந்தது.

ஒக்டோபர் 21இல் அரசியலமைப்பின் 21ஆம் திருத்தம் 179 வாக்குகளுடன் நிறைவேறியது, எதிராக ஒன்று. இரட்டைக் குடியுரிமை கொண்டவர் பாராளுமன்றத்துக்கு வர முடியாது என்பது அதில் பேசப்பட்ட பிரிவு. நிறைவேற்று அதிகாரம் சற்றுத் தேய்ந்தது, ஒழியவில்லை. டிசம்பர் 8இல் வரவுசெலவுத் திட்டம் நிறைவேறியது, 12இல் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலிக்கு விமானம் மறுபடி பறந்தது. ஆண்டு முடியும்போது டொலர் 363 ரூபாவை ஒட்டி, பெற்றோல் 370, கியூஆர் அப்போதும் நடைமுறையில்.

ஒரு வரிசை மட்டும் டிசம்பரிலும் குறையவில்லை, அது கடவுச்சீட்டு வரிசை. 2021இல் 4 இலட்சத்தைக்கூட எட்டாத கடவுச்சீட்டு விநியோகம் 2022இல் 9 இலட்சத்தைத் தாண்டியது. வேலைக்காகப் பதிந்து வெளிநாடு போனவர்கள் மட்டும் 3 இலட்சத்துக்கு மேல். பத்தரமுல்லை குடிவரவு அலுவலகத்தின் முன்னால் முதல் நாள் இரவே வந்து இடம்பிடித்துப் படுத்தார்கள்.